அப்பா கையொப்பம் இடும் கட்டம்: உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் உடற்கல்வி இயக்குநர்களுக்கும் மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்களுக்கும் வணக்கம்.

வீட்டில் ஒரு சாவு விழுந்தால், படிப்பு நிற்பதற்கு முன்பே நின்றுபோவது பிள்ளையின் விளையாட்டு. வகுப்புக்கு வராவிட்டால் வகுப்பாசிரியர் போன் செய்வார், தலைமையாசிரியர் ஆள் அனுப்புவார், அக்கம்பக்கம் கேட்கும். காலை ஆறு மணிப் பயிற்சிக்கு வராவிட்டால் யாரும் கேட்பதில்லை. கேட்கக்கூடிய ஒரே ஆள் நீங்கள். நீங்களும் பெரும்பாலும் கேட்பதில்லை. மனசு சரியில்லாத பிள்ளையை எதற்குத் தொந்தரவு செய்வது என்று விட்டுவிடுகிறீர்கள். அது இரக்கம்தான். ஆனால் அந்த இரக்கத்தில் இரண்டு மாதம் போய், பள்ளிகளுக்கிடையிலான முதல் கட்டமான குறுவட்டப் போட்டியும் முடிந்து, அணிப்பட்டியலில் வேறு பெயர் ஏறிவிடுகிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மைதானங்களிலும் குழந்தைகள் நலப் பணியிலும் பல காலம் இருப்பவர்கள் சேர்ந்து இதை எழுதுகிறோம்.

முதலில் ஒரு தவறான கணிப்பைச் சொல்லிவிடுகிறோம். "அப்பா போனதிலிருந்து அவனுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல சார்" என்பது ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். பெரும்பாலும் போனது ஆர்வம் அல்ல, வண்டி. அப்பாதான் ஐந்தரைக்கு எக்ஸெல் சூப்பரில் உட்காரவைத்துக் கொண்டுவந்து விட்டார். அப்பாதான் வழியில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். ஷூவின் அடிப்பாகம் தேய்ந்ததைக் கவனித்தவரும், ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. ஒரே ஆள் செய்த நான்கு வேலை ஒரே நாளில் நின்றுவிட்டது. அந்த நான்கையும் யார் எடுத்துக்கொள்வார்கள் என்று வீட்டில் எவரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். பேசுவதற்கு வேறு ஆயிரம் இருக்கும்.

அம்மா போன வீட்டில் கணக்கு வேறு. எழுப்பிவிட ஆள் இல்லை. முதல் நாள் நனைந்த ஜெர்சி துவைக்கப்படாமல் மூலையில் கிடக்கிறது. மூத்தது பெண் பிள்ளை என்றால் அடுப்படி அவள் கைக்கு வந்துவிடும், மாலைப் பயிற்சி அதோடு முடிந்தது. அவளிடம் "ரெகுலரா வா" என்று சொல்வதில் பயனில்லை. பயிற்சி நேரத்தை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். உணவு இடைவேளையின் கடைசி 25 நிமிடமும், வாரத்தில் இரண்டு உடற்கல்விப் பாடவேளையும் சேர்ந்தால் ஓர் ஓட்டக்காரியின் உடல்தகுதியைத் தக்கவைக்கலாம். (அந்தப் பாடவேளையைக் கணக்குப் பாடத்துக்குக் கடன் கொடுக்காமல் இருந்தால்.) மாதவிடாய் பற்றிக் கேட்க அவளுக்கு வீட்டில் ஆள் இருக்கிறதா என்பதை ஒரு பெண் ஆசிரியர் விசாரித்து வைக்கட்டும். போட்டிக்குக் கிளம்பும் பையில் நாப்கின் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர் வேலை.

நெருக்கமான குடும்பத்தில் வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பலமும் ஒரு சிக்கலும் உண்டு. தாங்கிப் பிடிக்கக் கை நிறைய இருக்கும். முடிவெடுக்கவும் அத்தனை வாய் இருக்கும். பெரியப்பா ஒன்று சொல்வார், தாய்மாமன் ஒன்று சொல்வார், "இனிமே நீதாண்டா வீட்டுக்கு ஆம்பள" என்று பதின்மூன்று வயதுப் பையனின் தோளில் யாராவது கைபோட்டுச் சொல்லியே தீருவார்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பந்தைத் தொடுவதே குற்றம்போல அவனுக்குத் தோன்றும். சாவு வீட்டுக்குப் போகும்போது இதை மனதில் வையுங்கள். அணியில் அவனுக்கு நெருக்கமான மூன்று நான்கு பேரை மட்டும் அழைத்துப் போங்கள். ஜெர்சி வேண்டாம், பள்ளிப் பெயர் போட்ட பேனரும் வேண்டாம். அன்று விளையாட்டைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டாம்.

பேசுவதற்கு உரிய நேரம் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்துக்குள். அதற்கு முன் போனால் வீட்டில் கூட்டம், வெகுநாள் கழித்துப் போனால் முடிவு எடுத்தாகிவிட்டிருக்கும். அம்மாவிடம் பேசுங்கள், தாய்மாமனோ தாத்தாவோ கூட இருக்கட்டும். "உங்க பையனுக்குப் பெரிய எதிர்காலம் இருக்கு" என்று தொடங்காதீர்கள். எதிர்காலம் என்ற சொல்லே அந்த வீட்டில் அப்போது பயமுறுத்தும். மூன்று கேள்வி போதும்: காலையில் யார் கொண்டுவந்து விடுவார்கள், எந்த நேரத்தில் வந்தால் வீட்டுக்கு இடைஞ்சல் இல்லை, காகிதங்களில் யார் கையெழுத்துப் போடுவார்கள். மூன்றுக்கும் பெயர் சொல்லிப் பதில் வாங்கிக்கொண்டு எழுந்திருங்கள். முஸ்லிம் குடும்பத்தில் கணவரை இழந்த பெண் நான்கு மாதம் பத்து நாள் இத்தா எனும் காத்திருப்புக் காலத்தில் இருப்பார். பல இந்துக் குடும்பங்களிலும் கொஞ்ச காலத்துக்கு அம்மா வாசல் தாண்ட மாட்டார். அவர்களைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கடிதம் அனுப்பிவிட்டு "பேரன்ட்ஸ் கோஆப்பரேஷன் இல்ல" என்று எழுதுவது நியாயமில்லை. காகிதத்தை ஒரு பெண் ஆசிரியர் வழியாக வீட்டுக்கு அனுப்புங்கள்.

பிள்ளை திரும்பி வரும் நாள்.

தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்ற வழக்கம் உள்ள வீடுகளில் கொள்ளி வைத்த பையன் மொட்டைத் தலையோடு வருவான். மற்ற பையன்கள் கெட்டவர்கள் அல்லர், ஆனால் வாய் சும்மா இருக்காது. ஆகவே அவன் வருவதற்கு முதல் நாளே அணியை நிறுத்தி இரண்டு வாக்கியம் சொல்லிவிடுங்கள்: "நாளைக்கு அவன் வர்றான். தலையைப் பத்தியோ வீட்டைப் பத்தியோ யாரும் கேக்கக்கூடாது, அவனா சொன்னா கேட்டுக்கங்க." தொப்பி போட அனுமதியுங்கள். அவனை எல்லார் முன்னாலும் கட்டிப்பிடிக்கவும் வேண்டாம், கண்டும் காணாமல் இருக்கவும் வேண்டாம். கையில் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, "லேப் டைம் எழுது" என்று ஒரு வேலை தாருங்கள். வேலை கையில் இருந்தால் மைதானத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

பயிற்சியை எப்படித் தொடங்குவது என்பதில்தான் பெரும்பாலான தவறு நடக்கிறது. இரண்டு மூன்று வாரம் ஓடாததால் உடல்தகுதி அவ்வளவாகக் குறைந்துவிடாது. குறைந்திருப்பது தூக்கம். சாவு வீட்டில் பிள்ளைகள் எங்கே, யாரோடு, எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தூக்கம் குறைந்த உடம்பில் கவனமும் எதிர்வினையும் மந்தமாகும், வேக ஓட்டத்தில் தொடையின் பின்தசை இழுத்துக்கொள்வதற்கு அதுவே நல்ல சந்தர்ப்பம். அதனால் தினமும் முதல் கேள்வி "ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கின?" என்பதாக இருக்கட்டும். ஆறு மணி நேரத்துக்குக் கீழே என்றால் அன்று வேக ஓட்டம் இல்லை, தடை ஓட்டம் இல்லை, உயரம் தாண்டுதல் இல்லை. மெதுவோட்டமும் நீட்சிப் பயிற்சியும் போதும். 400 மீட்டர் ஓடும் பிள்ளை வழக்கமாக ஆறு முறை 200 மீட்டர் ஓடுபவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் இரண்டு முறை, நேரம் எடுக்காமல். இரண்டாம் வாரம் மூன்று, மூன்றாம் வாரம் நான்கு. நான்காம் வாரம் ஆறுக்கு வந்தபின்தான் ஸ்டாப்வாட்ச். அதற்கு முன் நேரம் எடுத்தால் பழைய நேரத்தைவிடக் கூடுதலாகத்தான் வரும். "அப்பா போனதுல இதுவும் போச்சு" என்று பிள்ளை இரண்டையும் கூட்டிக்கொள்ளும்.

நடு ஓட்டத்தில் நின்று அழுதால்? பக்கத்தில் போய் நில்லுங்கள், தண்ணீர் கொடுங்கள், மற்றவர்களை எதிர்ப்பக்கத் தடத்துக்கு அனுப்புங்கள். பத்து நிமிடம் கழித்து "ஓடுறியா, உக்காருறியா" என்று கேளுங்கள். எதைச் சொன்னாலும் சரி. அழாத பிள்ளையைப் பற்றித்தான் கூடுதல் கவனம் தேவை. சண்டைக்குப் போவது, வேண்டுமென்றே முரட்டுத்தனமாக மோதுவது, அடிக்கடி வயிற்றுவலி, தலைவலி என்பது எல்லாமே சிறு வயதில் துக்கம் எடுக்கும் வேஷங்கள். கபடியில் திடீரென்று ஆள்மேல் ஏறி விழுபவனை ஒழுங்கு நடவடிக்கை என்று வெளியே அனுப்புவதற்கு முன் வீட்டு நிலவரத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சாக வேண்டும் என்ற பேச்சு வந்தாலோ, சாப்பாடும் தூக்கமும் வாரக்கணக்கில் ஒழுங்காகாவிட்டாலோ, அது உங்கள் கைக்கு மேற்பட்டது. அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டையும் விளையாட்டு அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

சாப்பாட்டுக்கு வருவோம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உங்கள் அணியில் இருப்பவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு. மதியச் சத்துணவும் பத்தாம் வகுப்புவரைதான். ஆக, காலை ஆறு மணிக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளை முதல் நாள் ராத்திரி எதையோ தின்றுவிட்டு மறுநாள் மதியம்வரை வெறும் வயிறு. பெற்றோர் இருவரும் இருக்கும் வீட்டிலேயே இது நடக்கும், ஒருவர் போன வீட்டில் கட்டாயம் நடக்கும். பெற்றவரை இழந்த பிள்ளைக்கு மட்டும் தனியாகக் கூப்பிட்டு எதுவும் கொடுக்காதீர்கள். அடுத்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வராது. மொத்த அணிக்கும் கொடுங்கள். ஆளுக்கு 50 கிராம் கறுப்புக் கொண்டைக்கடலை என்றால் 12 பேர் கபடி அணிக்கு 600 கிராம். முதல் நாள் இரவு ஊறவைத்து, காலையில் உப்புப் போட்டு குக்கரில் வேகவைத்தால் ஆளுக்கு ஏறக்குறைய பத்து கிராம் புரதம் வரும். பயிற்சிக்கு அரை மணி முன்னால் ஒரு வாழைப்பழம், முடிந்தவுடன் சுண்டல். செலவைப் பள்ளி மேலாண்மைக் குழுவிலோ முன்னாள் மாணவர்களிடமோ கேட்கலாம். கோப்பை வாங்கித்தர முன்வரும் புரவலரிடம், கோப்பைக்குப் பதில் கடலை வாங்கித்தரச் சொல்லுங்கள். மறுக்க மாட்டார்.

காகித வேலை சலிப்பூட்டும், ஆனால் பிள்ளை போட்டியிலிருந்து கழன்று விழும் இடம் அதுதான். இணையவழிப் பதிவுக்கு ஆதாரோடு இணைத்த எண் அப்பாவுடையது. ஓடிபி அந்த எண்ணுக்குப் போகும். அந்தச் சிம் எங்கோ ஒரு மேசை டிராயரில் கிடக்கும். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் இணைப்பு துண்டிக்கப்பட்டு, பிறகு அந்த எண் வேறொருவர் கைக்கும் போய்விடலாம். ஆகவே முதல் மாதத்திலேயே பிள்ளையை ஆதார் மையத்துக்கு அனுப்பி அம்மாவின் எண்ணுக்கு மாற்றவையுங்கள். மையத்தில் கைரேகை வைத்தால் போதும், வேறு ஆவணம் தேவையில்லை. பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் தரவுத்தளமான எமிஸிலும் எண்ணை மாற்றுங்கள். உங்கள் அணி வாட்ஸப் குழுவிலும் பாருங்கள், பயிற்சி நேரத்தை நீங்கள் இறந்தவரின் எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். பரிசுத்தொகை வரும் வங்கிக் கணக்கில் பாதுகாவலர் அப்பா என்றால் இறப்புச் சான்றிதழோடு கிளைக்குப் போய் மாற்ற வேண்டும். பத்து வயது நிரம்பிய பிள்ளை தானே இயக்கும் சேமிப்புக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது என்பதையும் சொல்லிவையுங்கள்.

இதற்கெல்லாம் அடிப்படை இறப்புச் சான்றிதழ். 21 நாளுக்குள் இறப்பைப் பதிவு செய்தால் கட்டணமில்லை, தள்ளிப்போனால் தாமதக் கட்டணம், அதற்கும் மேல் போனால் அலைச்சல். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம், வட்டாட்சியர் தருவார்.

உதவித்தொகைகளில் உடற்கல்வி ஆசிரியருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டுக்குப் போய்வரும் ஆசிரியர் பெரும்பாலும் நீங்கள்தான். வருவாய் ஈட்டும் தாயோ தந்தையோ விபத்தில் இறந்தால், அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் 1 முதல் 12ஆம் வகுப்புவரை படிக்கும் பிள்ளையின் பெயரில் அரசு 75,000 ரூபாய் வைப்புத்தொகை போடுகிறது. தலைமையாசிரியர் வழியாகத்தான் விண்ணப்பம். இது தவறிப்போவதற்கு முக்கியக் காரணம் ஒன்று: "உடம்பை அறுக்க வேண்டாம்" என்று பிரேதப் பரிசோதனையைக் குடும்பம் தவிர்த்துவிடும். முதல் தகவல் அறிக்கையும் பரிசோதனை அறிக்கையும் இல்லாமல் விபத்து என்று நிரூபிக்க முடியாது. மாரடைப்பு, புற்றுநோய் போன்றவற்றுக்கு இந்தத் திட்டம் பொருந்தாது. அவற்றுக்கு மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவின் நிதி ஆதரவு இருக்கிறது: மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000. விண்ணப்பம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில். இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவர் பராமரிக்க முடியாத நிலையில் இருக்கும் பிள்ளைக்கும் தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய அன்புக் கரங்கள் திட்டத்தில் 18 வயதுவரை மாதம் 2,000 ரூபாய்.

இனி, உங்களில் பலருக்குப் பிடிக்காத ஒன்று. தந்தை இறந்த மறுநாளே களத்தில் இறங்கிய வீரனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள். 1999 உலகக் கோப்பையின்போது தந்தையை இழந்த சச்சின், ஊருக்கு வந்து இறுதிச் சடங்கு முடித்துத் திரும்பி, கென்யாவுக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 140 அடித்தார். 2006 டிசம்பரில் தந்தை இறந்த அன்று கோலி டெல்லி அணிக்காக வந்து 90 எடுத்தார். இரண்டும் உண்மை. ஆனால் சச்சினுக்கு அப்போது 26 வயது, கோலிக்கு 18. உங்கள் முன்னால் நிற்பது எட்டாம் வகுப்பு. அந்தக் கதையைக் கேட்கும் பிள்ளை "அப்ப நான் அழுதது தப்பா" என்றுதான் எடுத்துக்கொள்ளும். பரிசளிப்பு விழாவில் "தந்தையை இழந்தும் தளராத" என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதும், நிருபரை அழைத்து அம்மாவோடு அப்பாவின் படத்தின் முன் நிற்கவைப்பதும் இதே வகை. பிள்ளையின் பெயர், பள்ளி, ஓடிய நேரம். அறிவிப்புக்கு அது போதும்.

சொல்லத்தான் வேண்டும் என்றால் மதுரை ரேவதி வீரமணியின் கதையைச் சொல்லுங்கள், அதையும் பிள்ளைகளிடம் அல்ல, உங்களுக்குள். சிறு வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, கூலி வேலை செய்த பாட்டியிடம் வளர்ந்தவர். காலணி இல்லாமல் ஓடியவர். 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவரைக் கண்டெடுத்த பயிற்சியாளர் கண்ணன் செய்தது உபதேசம் அல்ல. தயங்கிய பாட்டியிடம் போய்ப் பேசினார். லேடி டோக் கல்லூரியில் இலவச இடத்துக்கும் விடுதிக்கும் ஏற்பாடு செய்தார். இடம், விடுதி, சாப்பாடு என்று எல்லாமே காகித வேலையும் அலைச்சலும்தான்.

விடுதி என்றதும் ஒரு எச்சரிக்கை. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளுக்கு 7, 8, 9, 11 ஆகிய வகுப்புகளில் சேர்க்கை உண்டு. நல்ல வாய்ப்பு. ஆனால் சாவு நடந்த சூட்டோடு "அங்கே சேர்த்துவிட்டால் ஒரு பாரம் குறையும்" என்று சொந்தக்காரர்கள் கிளம்புவார்கள். அப்பாவை இழந்த அதே வருடம் அம்மாவையும் தங்கையையும் வீட்டையும் சேர்த்துப் பிரிவது பிள்ளைக்குத் தாங்காது. ராத்திரி ஓடிவந்துவிட்டால் இடம் போனதுதான். முடிந்தால் அடுத்த ஆண்டுத் தேர்வுக்குத் தயார் செய்யுங்கள். இடையில் பிள்ளையைச் சித்தப்பா ஊருக்கு மாற்றப் பார்த்தால், அரசுப் பள்ளியிலிருந்து தனியாருக்குப் போனால் தொழிற்கல்விச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உள்ள 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான ஆறு முதல் பன்னிரண்டுவரை அரசுப் பள்ளி என்ற கணக்கு அறுந்துவிடும் என்பதை யாராவது அந்த வீட்டில் சொல்ல வேண்டும்.

"இனிமே நான்தாண்டா உனக்கு அப்பா" என்று எந்த ஆசிரியரும் சொல்ல வேண்டாம். நல்ல மனசோடு சொல்பவர்கள் பலர். ஆனால் பெற்றவரை இழந்த பிள்ளையைக் குறிவைத்து நெருங்குபவனும் இதே வாக்கியத்தோடுதான் வருவான். பிள்ளைக்கு இரண்டையும் பிரித்தறியத் தெரியாது. தனியாக வண்டியில் ஏற்றாதீர்கள், தனி அறையில் மசாஜ் வேண்டாம், பணமோ ஷூவோ போனோ கொடுத்தால் வீட்டுக்குத் தெரிந்தே கொடுங்கள். வெளியூர்ப் போட்டிக்கு மாணவிகளோடு பெண் ஆசிரியர் கட்டாயம். "சார்" என்ற இடத்திலேயே இருங்கள், அந்த இடம் சிறியதல்ல.

மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்களுக்கு ஒரே வேண்டுகோள். பல இடங்களில் இன்னும் பழைய படிவத்தையே நகலெடுக்கிறார்கள். அதில் "தந்தை பெயர்", கீழே "தந்தை கையொப்பம்" என்று அச்சடித்திருக்கிறது. அந்தக் கட்டத்துக்கு வந்ததும் பிள்ளையின் பேனா நிற்கிறது. சிலர் "லேட்" என்று எழுதி அடைப்பில் போடுகிறார்கள். சிலர் அப்பாவின் கையெழுத்தைத் தாங்களே போட்டுவிடுகிறார்கள், பிறகு சரிபார்ப்பில் அது போலிக் கையெழுத்து என்று ஆகிறது. "பெற்றோர் அல்லது பாதுகாவலர்" என்று மாற்றித் தட்டச்சு செய்ய ஐந்து நிமிடம் ஆகும். இந்த ஆண்டுக் குறுவட்டப் போட்டிக்கு முன் செய்துவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு இன்னொன்று பாக்கி. முதல் வருடத் திதி ஆங்கிலத் தேதிப்படி வராது, முன்பின்னாக வரும். அன்றைக்குப் பையன் ஊரில் இருந்தாக வேண்டும், அது அரையிறுதி நாளாகவும் இருந்து தொலைக்கலாம். வீட்டுக்குப் போகும்போதே அம்மாவிடம் திதி என்ன என்று கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து அடுத்த வருடத் தேதியை உங்கள் டைரியில் குறித்துக்கொள்ளுங்கள். மாற்று ஆட்டக்காரனை அதற்கு ஒரு மாதம் முன்பே தயார் செய்துவிட்டால், "வரலைன்னா டீம் தோத்துடும்டா" என்று யாரும் அவனிடம் சொல்ல வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
மைதானத்திலும் குழந்தைகள் நலப் பணியிலும் உள்ள சிலர்